தேர்வில்லாத ஆறு கிழமை

மேழத் திங்களாகிய சித்திரையின் வெயில் ஏறியதும் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கதவுகள் அடைபடுகின்றன. அவை மீண்டும் திறக்க ஏறத்தாழ ஆறு கிழமை ஆகும். அந்த ஆறு கிழமைக்குள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மூன்று கூட்டமாகப் பிரிந்து போகின்றனர். முதற்கூட்டத்தார் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக் கூடங்களுக்குள் தள்ளப்படுகின்றனர். எட்டாம் வகுப்பை முடித்த பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பின் எழுதவேண்டிய தேர்விற்கு இப்பொழுதே உருப்போடத் தொடங்குகிறது. இரண்டாங்கூட்டத்தார் 'கோடைப் பாசறை' என்னும் பெயரால் விற்கப்படும் பொழுதுபோக்குகளுக்கு அனுப்பப்படுகின்றனர். அவற்றின் விளம்பரத் தாள்களில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கே பெரிய எழுத்து. மூன்றாங்கூட்டத்தார் உழவர், நெசவாளர், மீனவர், கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஆடு மேய்த்தலும், கடையில் எடுபிடி வேலையும், தம்பி தங்கையரைக் காத்தலுமாக அவர்களின் கோடை கழிந்து போகிறது.

இம்மூன்று கூட்டத்தார்க்கும் பொதுவாக இல்லாத ஒன்று உண்டு. ஒரு நல்ல வினாவை எடுத்துக்கொண்டு, அதைத் தன் தாய்மொழியிலேயே நெடுநேரம் எண்ணிப் பார்த்து, தன் அறிவாலேயே விடை கண்டு மகிழும் வாய்ப்பே அது. முதற்கூட்டத்திற்கு அதற்கு நேரமில்லை. இரண்டாங்கூட்டத்திற்கு அதை யாரும் விற்பதில்லை. மூன்றாங்கூட்டத்திற்கு அதைக் கொடுப்பாரில்லை.

தமிழ்வழிக் கல்வியைப் பற்றிப் பேச்செடுக்கும்பொழுதெல்லாம் பெற்றோர் ஒரு விடையை அணியமாக வைத்திருக்கின்றனர். "தேர்வு ஆங்கிலத்தில் இருக்கிறது, வேலை ஆங்கிலத்தில் இருக்கிறது, யாம் என் செய்வோம்?" என்பதே அவ்விடை. அதில் ஒரு பகுதி உண்மை. ஒரு பகுதி அச்சம். பள்ளி நடக்கும் பத்துத் திங்களும் அவ்வச்சமே ஆட்சி செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால், கோடையில் தேர்வு எங்கே இருக்கிறது? மதிப்பெண் எங்கே இருக்கிறது? அந்த ஆறு கிழமையில் பிள்ளை எம்மொழியில் எண்ணினாலும் அதைக் கேட்பாரில்லை, தடுப்பாருமில்லை. அச்சத்திற்குக் கரணியமே இல்லாத அக்காலத்திலும் பிள்ளையின் அறிவை அயன்மொழியின் கையில் ஒப்படைப்பது தேர்வின் கட்டாயத்தால் அன்று, அடிமைப் பழக்கத்தால்தான். தமிழில் உயர்ந்த அறிவை ஊட்டுவதற்கு ஆண்டு முழுவதிலும் தடையற்ற காலம் கோடையே. அதைத் தமிழர் ஒவ்வோர் ஆண்டும் வீணே விட்டுவருகின்றனர்.

கோடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவுச் செழுமை ஊட்டுதல் புதிய கருத்தன்று. இச்செழுமைக் கல்வி இன்னது என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். பிந்திய பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தை மறுபடி நடத்துதல் ஒரு பணி. அது தேவையானதே, ஆனால் அது வேறு. அடுத்த ஆண்டின் பாடத்தை முன்கூட்டியே நடத்துதல் வெறும் முந்திக்கொள்ளல். இவ்விரண்டுமன்றி, பாடநூல் தொடாத ஆழத்திற்குப் பிள்ளையை அழைத்துச் சென்று, கற்றறிந்தார் எவ்வாறு எண்ணுகின்றனரோ அவ்வாறு எண்ணப் பழக்குதலே செழுமைக் கல்வி. உலகில் இதை நன்கு செய்து காட்டியவர் பலர்.

சோவியத்து நாட்டில், சைபீரியாவின் நோவோசிபிர்சுக்கு நகரை அடுத்து அறிவியலாளர்க்கென்றே ஒரு நகரியம் 1957ஆம் ஆண்டு முதல் எழுப்பப்பட்டது. அதை முன்னின்று அமைத்த கணக்கறிஞர் இலாவ்ரெந்தியேவும் அவர்தம் தோழரும், அப்பெருநிலப் பரப்பின் ஊர்களில் மறைந்து கிடக்கும் அறிவாளிப் பிள்ளைகளைத் தேடி எடுக்க எளியதொரு வழி கண்டனர். கணக்கு, இயற்பியல் வினாக்களைச் செய்தித்தாள்களில் வெளியிட்டனர். விடைகள் அஞ்சலில் வந்தன. சிறந்தவர்க்கு வட்டார அளவில் மறு போட்டி வைத்தனர். அதிலும் தேர்ந்தவர்களை 1962ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரியத்திற்கே அழைத்துக் கோடைப்பள்ளி நடத்தினர். நாட்டின் முதல்தர அறிஞர்கள் பள்ளிப் பிள்ளைகளின் முன் கரும்பலகையருகே நின்றனர். அக்கோடைப்பள்ளியிலிருந்தே 1963இன் தொடக்கத்தில் கணக்கு-இயற்பியல் உறைவிடப் பள்ளி பிறந்தது.

அதே 1963ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் மாசுகோவுக்கு வெளியே மற்றொரு கோடைப்பள்ளி நடந்தது. அதில் பாடம் நடத்தியவர்களுள் ஒருவர் கொல்மொகோரோவ். நேர்வாய்ப்புக் கணக்கியலுக்கு அடிப்படை அமைத்த பேரறிஞர் அவர். அப்பொழுது அவர்க்கு அகவை அறுபது. உலகம் போற்றும் அவ்வறிஞர், தலைநகர்க்கு வெளியிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைத் தம் பெருமைக்குக் குறைவாகக் கருதவில்லை. ஆண்டிறுதியில் அங்கும் ஓர் உறைவிடப் பள்ளி திறக்கப்பட்டது. அதில் அவர் கணக்கோடு இசையையும் இலக்கியத்தையும் பற்றிப் பேசினார். பிள்ளைகளோடு காடு மேடெல்லாம் நடந்தார். 1970இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே 'குவாந்து' என்னும் கணக்கு-இயற்பியல் இதழைத் தொடங்கியவர்களுள்ளும் அவர் ஒருவர்.

இவை யாவும் எம்மொழியில் நடந்தன? உருசிய மொழியில் நடந்தன. உருசியப் பிள்ளை வீட்டிலும் தெருவிலும் பேசிய மொழியிலேயே உலகின் மிக உயர்ந்த கணக்கையும் கேட்டது. உருசியரல்லாத சைபீரிய மக்களின் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு அவர்தம் மொழியில் கிட்டவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. அக்குறையும் இங்கு வலியுறுத்தப்படும் உண்மைக்கே சான்றாகிறது.

அமெரிக்காவில் ஆர்னால்டு இராசு என்னும் கணக்காசிரியர் 1957இல் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் ஒரு கோடைத் திட்டத்தைத் தொடங்கினார். 1964இல் அஃது ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திற்கு இடம் மாறியது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஆறு கிழமை அங்கே தங்குவர். அவர்கள் எடுத்துக்கொள்வது எண்ணியல். அதாவது 1, 2, 3 என்னும் எளிய எண்களின் இயல்பு. நாள்தோறும் வினாத்தாள் கொடுக்கப்படும். விடையை யாரும் சொல்லித் தருவதில்லை. மாணவரே எண்களை வைத்து விளையாடி, ஒழுங்கைக் கண்டு, ஐயுற்று, மெய்ப்பித்துக் காட்டல் வேண்டும். எளியவற்றை ஆழ்ந்து எண்ணுதலே அங்குள்ள கொள்கை. இராசு தம் தொண்ணூறாம் அகவைக்குப் பின்னும் அதை நடத்தினார். அவர் 2002இல் மறைந்த பின்னும் அத்திட்டம் தொடர்கிறது. அங்கே எவர்க்கும் மதிப்பெண் பசியில்லை. பிள்ளையின் முன் இருப்பது ஒரு தாளும் ஒரு வினாவும் மட்டுமே.

அதே அமெரிக்காவில் கோடைக் கல்வி இருவேறு பாதைகளில் சென்றதையும் காணலாம். வறுமையை எதிர்க்க 1964இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி, 1965ஆம் ஆண்டுக் கோடையில் 'மேனோக்கிய பாய்ச்சல்' எனப் பொருள்படும் பெயரில் ஓர் அரசுத் திட்டம் தொடங்கிற்று. ஏழை வீட்டு உயர்நிலைப் பள்ளி மாணவரைக் கோடையில் கல்லூரி வளாகத்திற்கே அழைத்து வந்து, தங்கவைத்து, கட்டணமின்றிக் கற்பிப்பது அதன் பணி. மற்றொரு பாதை சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அங்கு உளவியலறிஞர் சூலியன் சுடான்லி 1971இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். கல்லூரி புகுவோர்க்கான தேர்வைப் பன்னிரண்டு, பதின்மூன்று அகவைப் பிள்ளைகளுக்கே வைத்து, கணக்கில் மிக வல்லவரை அடையாளங்கண்டார். அதிலிருந்து 1979இல் ஒரு நடுவம் தோன்றியது. அதன் கோடை வகுப்புகளில் பிள்ளைகள் ஓராண்டுப் பாடத்தை மூன்று கிழமைகளில் முடிப்பதுமுண்டு. அறிவுக்கு அது பெருவிருந்தே; ஐயமில்லை. ஆனால் கட்டணம் ஆயிரக்கணக்கான தாலர். உதவித்தொகை சிலர்க்குண்டு எனினும், பணமுள்ளவர்க்கே அக்கதவு எளிதில் திறக்கும். ஒரே நாட்டில், ஒரே கோடையில், ஒன்று தாழ்ந்தாரைக் கைதூக்குகிறது. மற்றொன்று உயர்ந்தாரை மேலும் உயர்த்துகிறது. கோடைக் கல்வியை எவர் கையில் விடுவது என்பதைப் பொறுத்தே அது குமுகாயத்தின் பிளவை மூடும் அல்லது அகலமாக்கும்.

அப்பிளவு கற்பனையன்று. கூப்பர் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 1996இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். நீண்ட கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஏறத்தாழ ஒரு திங்கள் அளவு கற்றதை இழக்கின்றனர் என்றும், கணக்கில் அவ்விழப்பு மிகுதி என்றும் கண்டனர். படிப்புத் திறத்தில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இழக்காதிருக்க, ஏழை வீட்டுப் பிள்ளைகளே இழந்தனர். பால்டிமோர் நகரில் 1982 முதல் பல ஆண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து ஆய்ந்தவர்களும், பள்ளி நடக்கும் காலத்தில் இரு திறத்தாரும் ஏறத்தாழ ஒத்தே வளர்கின்றனர். விடுமுறையில்தான் இடைவெளி விரிகிறது என்றனர். இவ்விடைவெளியின் அளவைப் பற்றிப் பின்வந்த ஆய்வாளர் சிலர் மாறுபடுகின்றனர். அளவு எதுவாயினும், ஒன்று எவர் கண்ணுக்கும் தெரியும். பள்ளி மூடியிருக்கும்பொழுது வீட்டிலுள்ளதே பிள்ளைக்குக் கல்வி. நூலுள்ள வீட்டில் நூல் கிடைக்கும். இல்லாத வீட்டில் இன்மையே கிடைக்கும்.

இனி மொழிக்கு வருதல் வேண்டும். 1959ஆம் ஆண்டு உருமேனியாவில் தொடங்கிய பன்னாட்டுக் கணக்குப் போட்டி, பள்ளி மாணவர்க்கு உலகிலேயே உயர்ந்த அறிவுப் போட்டி எனப்படுகிறது. இந்தியா அதில் 1989 முதல் பங்கு கொள்கிறது. அப்போட்டியின் நெறி ஒன்றைத் தமிழ்ப் பெற்றோர் அனைவரும் அறிதல் வேண்டும். வினாத்தாள் ஒவ்வொரு நாட்டு மாணவர்க்கும் அவர்தம் மொழியிலேயே பெயர்த்துக் கொடுக்கப்படுகிறது. மாணவரும் தம் மொழியிலேயே விடை எழுதலாம். வியத்துநாமியப் பிள்ளை வியத்துநாமிய மொழியிலும், அங்கேரியப் பிள்ளை அங்கேரிய மொழியிலும், கொரியப் பிள்ளை கொரிய மொழியிலும் எழுதி வெல்கின்றனர். கடினமான எண்ணத்தை மனிதன் தன் மொழியிலேயே நன்கு எண்ணவியலும் என்பதை உலகக் கணக்கறிஞர்களே ஒப்புக்கொண்டு நெறியாக்கி வைத்துள்ளனர். ஆழ்ந்து எண்ண ஆங்கிலம் வேண்டும் என்று கருதுவோர் இதற்கு என்ன விடை சொல்வர்?

தமிழ்மண்ணிலேயே இதற்கொரு துயரச் சான்றுண்டு. ஈரோட்டில் 1887இல் பிறந்து குடந்தையில் வளர்ந்த இராமானுசன், பள்ளிப் பருவத்திலேயே கணக்கில் ஒப்பற்று விளங்கினார். 1904இல் குடந்தை அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கில் மூழ்கிக் கிடந்த அவர் ஆங்கிலத் தேர்வில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று, படிப்பு சிதைந்தது. பின்னர் வறுமையிலும் அலைச்சலிலும் ஆண்டுகள் பல கழிந்தன. அவர்க்கு வழிகாட்டிய கார் என்பாரின் தொகுப்பு நூல் ஆங்கில நூலன்றோ எனச் சிலர் கேட்பர். உண்மைதான். ஆனால் அந்நூலில் விளக்கவுரை மிகக் குறைவு. ஆயிரக்கணக்கான கணக்கு முடிபுகளின் அடுக்கே அது. இராமானுசன் அதனின்று எடுத்துக்கொண்டவை கணக்குக் குறிகள். எண்ணியது தம் உள்ளத்தால். அரசக் கழகம் 1918இல் அவரைத் தன் உறுப்பினராக்கிப் பெருமைப்படுத்தியது. 1920இல், முப்பத்திரண்டாம் அகவையில், அவர் மறைந்தார். ஓர் இராமானுசன் ஆங்கிலத் தேர்வின் தடையைத் தாண்டி உலகின் கண்ணில் பட்டார். பெயர் தெரியாமலே ஆட்டு மந்தையின் பின்னும் தறியின் முன்னும் மடிந்துபோன இராமானுசர் எத்தனை பேரோ!

அவ்விழப்பை எண்ணி வருந்தியதோடு நில்லாமல் வேலை செய்தவரும் தமிழ்நாட்டில் உண்டு. சென்னை முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் கணக்காசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், கணக்கைப் பிள்ளைகள் கையால் தொட்டு விளையாடும் பொருளாக்கினார். பிள்ளைகளே எடுத்து விளக்கும் கணக்குக் காட்சிகளை ஊர்தோறும் நடத்தினார். இராமானுசனைப் பற்றிய மடல்களையும் நினைவுகளையும் தொகுத்து 1968இல் வெளியிட்டார். இராயபுரத்தில் 1993இல் இராமானுசன் பெயரில் காட்சியகமும் கணக்குக் கல்வி நடுவமும் அமைத்தார். 2005இல் அவர் மறைந்தார். 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் 'துளிர்' என்னும் சிறுவர் அறிவியல் இதழைத் தமிழில் நடத்தி வருகிறது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியமும், 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் வெளிவந்தன. "தமிழில் நூல் எங்கே? சொல் எங்கே?" என்று இனியும் கேட்பார், தேடாமலே கேட்கின்றனர் என்க.

அரசும் வாளாவிருக்கவில்லை. நடுநிலைப் பிள்ளைகள் செய்து பார்த்து அறிவியல் கற்க 2022இல் வானவில் மன்றங்கள் தொடங்கப்பட்டன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2019 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு இளம் அறிவியலாளர் திட்டம் ஒன்றைக் கோடையில் நடத்துகிறது; பயணச் செலவும் தங்கும் செலவும் அந்நிறுவனத்தினுடையவை. போற்றத்தக்கதே. ஆனால் அவ்வாண்டு மாநிலத்திற்கு மூவர் வீதமே எடுக்கப்பட்டனர். மூவரைத் தேர்ந்து ஒளியூட்டல் நன்று. எஞ்சிய இலக்கக்கணக்கானோர் என் செய்வது?

இங்கேதான் எளியதோர் எடுத்துக்காட்டு தேவைப்படுகிறது. செழுமைக் கல்விக்குப் பெருஞ்செலவு வேண்டும் என்பது வீண் அச்சம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கோல் ஒன்று போதும். கன்னியாகுமரியில் ஏப்பிரல் 10, 11ஆம் நாள்களை ஒட்டி ஞாயிறு உச்சிப்பொழுதில் நேர்தலைக்கு மேல் நிற்கும். நட்ட கோலுக்கு நிழலே விழாது. அதே நாளில் சென்னையில் உச்சிப்பொழுதில் கோலை நட்டால், வடக்கு நோக்கி ஏறத்தாழ ஒன்பது செ.மீ. நிழல் விழும். அந்நிழல் காட்டும் கோணம் ஏறத்தாழ ஐந்து பாகை. முழு வட்டம் 360 பாகை. எனவே ஐந்து பாகை என்பது வட்டத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இரண்டு ஊர்க்கும் தென்வடலாக உள்ள தொலைவு ஏறத்தாழ 555 கி.மீ. அதை எழுபத்திரண்டால் பெருக்கினால் ஏறத்தாழ 40,000 கி.மீ. வரும். அதுவே இவ்வுலக உருண்டையின் சுற்றளவு! ஈராயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரதோசுதெனிசு என்னும் கிரேக்க அறிஞர் கண்ட வழியை, குமரிப் பிள்ளையும் சென்னைப் பிள்ளையும் ஒரு கோலாலும் ஒரு தொலைபேசியாலும் மீண்டும் கண்டுவிடலாம்.

இக்கணக்கில் வந்த சொற்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோல், நிழல், உச்சி, வடக்கு, கோணம், பாகை, வட்டம், சுற்றளவு. இவற்றுள் எதற்காகத் தமிழ்ப்பிள்ளை ஆங்கில அகராதியைத் திறக்கவேண்டும்? உலகை அளக்கும் அறிவு அதன் வாயிலுள்ள சொற்களிலேயே அடங்கிக் கிடக்கிறது. எடுத்துக் கொடுப்பார்தாம் இல்லை.

இவ்வாறே, ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையில் ஒரு நாள் முழுவதற்கும் கணக்குண்டு. ஒன்றை வைத்து, அதைச் சுற்றி மூலைமடிப்பாக மூன்றை வைத்தால் இரண்டுக்கிரண்டு கட்டம்; மேலும் ஐந்து வைத்தால் மூன்றுக்கு மூன்று; மேலும் ஏழு வைத்தால் நான்குக்கு நான்கு. ஒற்றைப்படை எண்களை ஒன்று முதல் வரிசையாகக் கூட்டினால் எப்பொழுதும் கட்டம் நிறைவது ஏன் என்று ஒரு சிறுமி தானே கண்டு சொல்லும் நொடியில், அவள் கணக்கறிஞர் கூட்டத்தில் ஒருத்தியாகிறாள். ஊர்க்குளத்தின் ஒரு கையளவு நீரில் உயிரியல் உண்டு. கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' முதலான பெயர்கள் தமிழி எழுத்தில் உள்ளன. அவ்வெழுத்தைக் கற்றுத் தன் பெயரை அதில் எழுதிப் பார்க்கும் சிறுவனுக்கு வரலாறு மதிப்பெண்ணுக்கு உரிய பாடமாக இராது. கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும், வடகாற்றை வாடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும் பகுத்துப் பெயரிட்ட மொழியில், காற்று ஏன் திசை மாறுகிறது என்னும் வினாவை எழுப்புதற்குத் தடையென்ன? கோடை என்னும் சொல்லிலேயே பாடம் தொடங்கிவிடுகிறதே!

பிள்ளைக்கு ஓய்வு வேண்டாவா என்று கேட்பார் உண்டு. வேண்டும், கட்டாயம் வேண்டும். விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தலாகாது என்று பள்ளிக் கல்வித்துறை பன்முறை அறிவுறுத்தியதும் அது கருதியே. ஆறு கிழமையையும் விழுங்கச் சொல்லவில்லை. மூன்று கிழமை, வெயில் ஏறுமுன் காலையில் மூன்று மணி நேரம். தேர்வில்லை, மதிப்பெண்ணில்லை, முதல்வன், கடையன் என்னும் வரிசையில்லை. விரும்பிய பிள்ளை வரலாம். விரும்பாத நாளில் விளையாடப் போகலாம். மாலைப்பொழுது முழுவதும் பிள்ளையினுடையது. விளையாட்டைப் பறிக்காத கல்வியே கோடைக்கேற்ற கல்வி.

ஆங்கிலத்தைப் பகைப்பதா என்று கேட்பாரும் உண்டு. ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பதை யாரும் தடுக்கவில்லை. அதை அறிவின் ஒரே வாயிலாக்குவதே கேடு. தன் மொழியில் ஆழ எண்ணிப் பழகிய பிள்ளை பிறமொழியில் அதைச் சொல்லக் கற்றுக்கொள்ளும். எண்ணவே கற்காத பிள்ளைக்கு எம்மொழியிலும் சொல்வதற்கு ஒன்றுமிராது. ஆதலின் ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளையும் இப்பாசறைக்கு வருதல் வேண்டும். ஆண்டில் மூன்று கிழமையேனும் அப்பிள்ளை தன் தாயின் மொழியில் அறிவியல் பேசட்டும்.

இனி, இதைச் செய்வார் யார்? இவ்விடத்தில் தமிழன்பர்கள் தம்மையே நோக்கிக்கொள்ளல் வேண்டும். பிறமொழிச் சொற்களைக் களைந்து, நல்ல தமிழ்ச்சொற்களை ஆக்கிக் குவித்த உழைப்புப் பெரிது. ஆனால் பட்டியலில் கிடக்கும் சொல் விதைநெல் போன்றது. நிலத்தில் விழாத விதை முளைப்பதில்லை. சொல்லுக்கு நிலம் பிள்ளையின் நாக்கு. 'சுற்றளவு' என்னும் சொல்லை அறிஞர் அவையில் ஆயிரம் முறை முழங்குவதினும், ஒரு சிறுவன் தான் அளந்த நிழலைக் காட்டி ஒருமுறை சொல்வதே அச்சொல்லுக்கு வாழ்வு. பெயர்ப்பலகையில் தமிழில்லை என்று வீதியில் நின்று வருந்துவோர், அவ்வீதியிலுள்ள பிள்ளையின் எண்ணத்தில் தமிழுண்டா என்று எத்தனை முறை பார்த்தனர்? மேடை முழக்கத்திற்குச் செலவிடும் பொழுதில் ஒரு பங்கு, பொருளில் ஒரு பங்கு போதும். ஊர்க்கொரு பாசறை எழும்.

இடத்திற்குக் குறைவில்லை. கோடையில் பள்ளிக் கட்டடங்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன; ஊர்ப் பெரியோரும் தலைமையாசிரியரும் இசைந்தால் ஓர் அறை கிடைக்கும். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது சென்னை மாநிலத்தில்தான். இன்று தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. ஆளுக்கும் குறைவில்லை. ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒவ்வோர் ஊரிலும் உளர். கல்லூரியில் அறிவியல் பயிலும் இளைஞரும் அதே கோடையில் வீடு திரும்புகின்றனர். முப்பது பிள்ளைகள், மூன்று ஆசிரியர், ஒரு கரும்பலகை, சில கோல்கள், ஒரு கூடைப் புளியங்கொட்டை, நூலகத்திலிருந்து இருபது தமிழ் நூல்கள். உலகப் பேரறிஞர் ஒருவர் அறுபதாம் அகவையில் செய்யத் தயங்காத பணியைச் செய்ய ஓர் ஊராசிரியர் ஏன் தயங்கவேண்டும்?

ஒன்றை மட்டும் உறுதியாகக் கடைப்பிடித்தல் வேண்டும். கட்டணம் வாங்கலாகாது. கட்டணம் புகுந்தால் முதற்கூட்டமும் இரண்டாங்கூட்டமும் மட்டுமே வரும். மூன்றாங்கூட்டம் மீண்டும் ஆட்டின் பின்னே போகும். இப்பாசறை யாருக்காகத் தேவையோ அவர்க்கே அது கதவடைத்ததாகும். அப்பிள்ளைகளின் வீட்டு வாயிலுக்குச் சென்று, அவர்தம் தாய் தந்தையரிடம் பேசி, காலை மூன்று மணி நேரத்திற்கு அவர்களை விடுவித்து அழைத்து வருதலே இப்பணியின் கடினமான பகுதி. கரும்பலகைப் பணி அதனினும் எளிது.

பள்ளி திறந்ததும் தேர்வு வந்துவிடும். அதனோடு அச்சமும் ஆங்கிலமும் வந்துவிடும். அதற்கு முன் ஒரு காலைப்பொழுதில், ஏதோ ஒரு சிற்றூரில், ஒரு சிறுமி மண்ணில் கோல் நட்டு நிழலை அளந்து, "இந்த உலகம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும், நானே அளந்தேன்" என்று தமிழில் சொல்வாளாயின், தமிழ் வாழ்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டா. அடுத்த கோடை தொலைவில் இல்லை. கோல்களைச் சீவி அணியமாக்குவோர் எழுக!